நோபல் பரிசு கிடைக்காமல் போன விஞ்ஞானிகளில் உங்களுக்குப் பிடித்தவர் யார், ஏன்?

ஒசாமு ஹயாய்ஷி. ஜப்பானிய உயிர்வேதியியலாளர். என் துறைக்குள்ளேயே இந்தப் பெயரைச் சொன்னால் "யார் அது?" என்பவர்கள்தான் அதிகம்.

எனக்கு அவர் அறிமுகமானது ஓர் எரிச்சலில். முதுகலை முடித்த கையோடு சில வருடங்கள் ஓர் ஆய்வகத்தில் அழற்சி சம்பந்தமான வேலை பார்த்தேன். திசு மாதிரிகளில் புரோஸ்டாகிளாண்டின்கள் (உடம்பு தானே தயாரிக்கும், ஹார்மோன் போல வேலை செய்யும் கொழுப்புப் பொருட்கள்) எவ்வளவு இருக்கின்றன என்று அளக்க வேண்டும். இ2 என்ற வகை ஒத்துழைக்கும். டி2 என்ற வகை ஒரு தொல்லை. நிலையாக நிற்காது, கொஞ்சம் அசந்தால் ஜே2 என்ற வேறு பொருளாக மாறிவிடும். அதனால் மாதிரி கைக்கு வந்த உடனே வேதிப்பொருள் சேர்த்து அதை மெத்தாக்ஸிம் என்ற நிலையான வடிவத்தில் கட்டிப்போட வேண்டும். நான் ஒருமுறை அதைச் செய்ய மறந்தேன். இரண்டு வார வேலை வீண். "இந்த டி2 உடம்பில் எதற்குத்தான் இருக்கிறது?" என்று கடுப்பில் தேட உட்கார்ந்தேன். தூக்கம் என்று பதில் வந்தது. கூடவே ஹயாய்ஷியும் வந்தார்.

துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. செல் சவ்வில் அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் இருக்கிறது, 20 கார்பன் கொண்டது. அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ அது சவ்விலிருந்து வெட்டி எடுக்கப்படும். சைக்ளோஆக்ஸிஜனேஸ் என்ற நொதி அதில் ஆக்ஸிஜனை ஏற்றி, எச்2 என்ற இடைப்பொருளாக்கும். அதிலிருந்து எந்த நொதி அடுத்து கை வைக்கிறதோ அதைப் பொறுத்து இ2, டி2, எஃப்2 என்ற புரோஸ்டாகிளாண்டின்களாகப் பிரியும். புண்ணில் வரும் வீக்கம், சிவப்பு, வலி இவற்றில் இ2-வுக்குப் பெரிய பங்கு உண்டு. மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் காய்ச்சலைக் கிளப்புவதும் அதுதான். ஆஸ்பிரின் இந்த உற்பத்தியை ஆரம்பத்திலேயே அடைத்துவிடுகிறது என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார்.

இங்கே வேடிக்கை என்னவென்றால், டி2, இ2 இரண்டிலும் 20 கார்பன், 32 ஹைட்ரஜன், 5 ஆக்ஸிஜன். அணுக்கணக்கில் ஒரு குறைவு, கூடுதல் கிடையாது. ஐந்து கார்பன் வளையத்தில் 9, 11 என்ற இரண்டு இடங்களில் கீட்டோன், ஹைட்ராக்சில் என்ற இரண்டு அணுத்தொகுதிகளும் இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். எலியின் மூளைக்குள் டி2-வைச் செலுத்தினால் எலி தூங்குகிறது. இ2-வைச் செலுத்தினால் விழித்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் தூக்க ஆய்வாளரே அல்ல. ஹயாய்ஷி பிறந்தது 1920-இல், கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரில். மருத்துவம் படித்தது ஒசாகாவில். அவருடைய முதல் பெரிய வேலை ஆக்ஸிஜனைப் பற்றியது. நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜன் எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிவிடும், அது நேரடியாக ஒரு மூலக்கூறுக்குள் போய் உட்காராது என்பதே அப்போதைய நம்பிக்கை. நோபல் வாங்கிய ஜெர்மன் வேதியியலாளர் ஹைன்ரிக் வீலாண்ட் போன்றவர் சொன்னதால் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த ஹயாய்ஷி, கனமான ஆக்ஸிஜன்-18 ஐசோடோப்பைக் கொடுத்துப் பார்த்தார். கேட்டிகால் என்ற கரிமப் பொருளை உடைக்கும் ஒரு பாக்டீரிய நொதி, காற்றில் இருந்த அந்த ஆக்ஸிஜனின் இரண்டு அணுக்களையும் அப்படியே விளைபொருளில் சேர்த்திருந்தது. 1955. அதே வருடம் அமெரிக்க உயிர்வேதியியலாளர் ஹோவர்ட் மேசனும் வேறொரு நொதியில் இதே மாதிரியான முடிவுக்கு வந்தார். இப்படி வேலை செய்யும் நொதிகளுக்கு ஆக்ஸிஜனேஸ் என்று பெயர் வந்தது. கல்லீரலில் மருந்துகள் சிதைவதும் ஸ்டீராய்டு ஹார்மோன்கள் உருவாவதும் இந்த வகை நொதிகளால்தான். மேலே சொன்ன சைக்ளோஆக்ஸிஜனேஸின் பெயரைத் திரும்ப ஒரு தடவை பாருங்கள். ஹயாய்ஷி புரோஸ்டாகிளாண்டின் பக்கம் வந்த வழி புரியும்.

1958-இல் ஜப்பானுக்குத் திரும்பி கியோட்டோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 70களின் பிற்பகுதியில் எலி மூளையில் எந்தப் புரோஸ்டாகிளாண்டின் அதிகம் என்று பார்த்தபோது டி2 முன்னுக்கு நின்றது. (மூளையில் இவற்றை அளப்பது பெரிய பாடு. விலங்கு இறந்த சில நிமிடங்களிலேயே அளவு எகிறிவிடும். நுண்ணலை பாய்ச்சி மூளையின் நொதிகளை நொடியில் செயலிழக்கச் செய்துவிட்டுத்தான் அளப்பார்கள்.) இவ்வளவு இருக்கிறதே, ஏதாவது வேலை இருக்க வேண்டுமே என்று விழித்திருக்கும் எலிகளின் ஹைப்போதலாமஸ் முன்பகுதியில் அதைச் செலுத்தினார்கள். எலிகள் தூங்கின. அந்த முடிவு வெளியான 1982-இல்தான் புரோஸ்டாகிளாண்டின் ஆய்வுக்காக பெர்க்ஸ்ட்ரம், சாமுவெல்சன், வேன் மூவருக்கும் நோபல் கொடுத்தார்கள். ஹயாய்ஷிக்கு அப்போது 62 வயது. மறு வருடம் கியோட்டோவிலிருந்து ஓய்வு. தூக்கம் பற்றிய பெரும்பாலான வேலை அதற்கப்புறம், ஒசாகாவில் நடந்தது. எனக்கு இந்த ஒரு விஷயமே போதும் அவரைப் பிடித்துப்போக.

தூக்கத்துக்கு ஒரு வேதிப்பொருள் இருக்கும் என்ற எண்ணம் பழையது. 1909-இல் ஜப்பானின் இஷிமோரியும், 1913-இல் பிரான்ஸின் பியேரோனும் தனித்தனியாக, பல நாள் தூங்கவிடாத நாய்களிலிருந்து எடுத்ததை வேறு நாய்களுக்குச் செலுத்தி அவற்றைத் தூங்க வைத்தார்கள். அது என்ன பொருள் என்றுதான் பிடிபடவில்லை.

ஹயாய்ஷி குழு படிப்படியாகக் கட்டிய சித்திரம் இது. டி2-வைத் தயாரிக்கும் நொதி நரம்பு செல்களைவிட மூளையைப் போர்த்திய சவ்விலும், மூளைத் தண்டுவட நீரைச் சுரக்கும் திசுவிலும் அதிகம். டி2 அந்த நீரில் கலந்து, முன்மூளையின் அடிப்பரப்பில் செல்கள் மேல் இருக்கும் ஏற்பிகளை (வேதிச் செய்தியை வாங்கும் புரதங்களை) தொடும். அங்கே அடினோசின் என்ற வேதிப்பொருள் கூடும். அடினோசின் தன்னுடைய ஏ2ஏ ஏற்பி வழியாகத் தூக்க நரம்புகளை எழுப்பிவிடும். அவை விழிப்புக்குக் காரணமான ஹிஸ்டமின் நரம்புகளை அடக்கும். காஃபின் வேலை செய்வதும் இதே ஏ2ஏ-யை அடைத்துத்தான். அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்குக் காஃபின் கொடுத்தும் விழிப்பு கூடவில்லை என்று 2005-இல் காட்டினார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. மூளைத் தண்டுவட நீரில் அல்புமினுக்கு அடுத்தபடி மிக அதிகமாக இருக்கும் புரதம் பீட்டா-டிரேஸ். மூக்கிலிருந்து ஒழுகுவது சளியா, மூளை நீரா என்று சோதிக்கக்கூட அதைப் பயன்படுத்துகிறார்கள். 60களிலிருந்தே தெரிந்த புரதம், ஆனால் அது என்ன செய்கிறது என்று தெரியாமலே கிடந்தது. 90களில்தான் தெரிந்தது, அது டி2-வைத் தயாரிக்கும் அதே நொதி என்று.

சரி, எல்லாம் கச்சிதமா? இல்லை. அந்த நொதி இல்லாமல் பிறந்த எலிகளும் அன்றாடம் ஏறக்குறைய வழக்கம்போலவே தூங்குகின்றன. தூங்கவிடாமல் வைத்திருந்து விட்டால், சாதாரண எலிகள் போல விட்டதைப் பிடிக்கத் தூங்குவதில்லை, வித்தியாசம் அங்கேதான். அதனால் டி2-வைத் "தூக்க ஹார்மோன்" என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் உறுத்தும். பாக்கித் தூக்கத்தை வசூல் பண்ணும் ஆள் என்றால் பொருந்தும்.

நோயோடு வரும் தூக்கத்தில் இதன் கை இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஒவ்வாமையில் பங்குள்ள மாஸ்ட் செல்கள் அளவுமீறிப் பெருகும் நோயில் டி2 வெள்ளமாகச் சுரக்கும், அந்த நோயாளிகளில் சிலர் நோயின் வேகம் தணிந்ததும் ஆழ்ந்து தூங்கிவிடுவார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோய் முற்றியவர்களின் மூளைத் தண்டுவட நீரிலும் டி2 கூடியிருப்பதாகப் பதிவு உண்டு. சாதாரணக் காய்ச்சலில் இன்டர்லூகின்-1 போன்ற அழற்சிப் புரதங்களும் சேர்ந்துகொள்ளும். அடித்துப் போட்டாற்போல் தூக்கம் வருவதும், வந்த தூக்கம் ஒழுங்காக நிலைக்காததும் டி2-வும் இ2-வும் ஒரே வீட்டில் சண்டை போடுவதால் என்பது என் சொந்த ஊகம்.

இதைச் சொன்னால் எல்லோரும் அடுத்துக் கேட்பது, டி2-வை மாத்திரையாக்கலாமே என்று. மூளைக்கு வெளியே அது செய்கிற வேலைகள் வேறு. மூச்சுக்குழலைச் சுருக்கும், ரத்தக் குழாயை விரிக்கும். நியாசின் (வைட்டமின் பி3) மாத்திரை போட்டவர்களுக்கு முகம் குப்பென்று சிவந்து எரிவதற்கு முக்கியக் காரணம் தோலில் சுரக்கும் டி2. தூக்கத்துக்கென்று அதை ரத்தத்தில் ஏற்றினால் முதலில் முகம் எரியும், ஆஸ்துமாக்காரர் என்றால் இளைப்பும் வரும். தூக்கம் எங்கே வரும்?