மொறிஸ் மைனருக்கு எந்த பிளக்?

கேள்வி: அப்பாவின் 1960ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 எங்களிடம் உப்புவெளியில் நிற்கிறது. 948 சிசி, கம்பனி எஞ்சின்தான், பொயின்ற் இக்னிஷன் (எலெக்றோனிக் இல்லாத பழைய முறை). காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கொஞ்ச நேரம் மிஸ் அடிக்கிறது, நாலு பிளக்கும் கறுத்துவிடுகின்றன. திருகோணமலை ரவுணில் ஒரு கடையில் என்.ஜி.கே பி.பி.ஆர்.6ஈ.எஸ் தந்தார்கள். இன்னொரு கடையில் இரிடியம் நுனி வைத்த பிளக்தான் நல்லது என்கிறார்கள். கராஜ் பாஸோ, "நம்பர் கூடின பிளக் போடுங்கோ, சூடு கூடி கரி எரிஞ்சிடும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதல் கடைக்காரர் தந்ததையே போடுங்கள். ஆனால் பிளக் மாற்றியதும் கறுப்புப் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒன்று மட்டும் கறுத்தால் அந்த சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். நாலும் ஒரே மாதிரிக் கறுக்கிறதென்றால் குற்றம் பெரும்பாலும் நாலுக்கும் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேற்றரில்.

உங்கள் எஞ்சினுக்குப் பொருத்தமான என்.ஜி.கே பிளக் பி.பி.6ஈ.எஸ். சாம்பியனில் அதற்கு நிகர் என்.9வை.சி. நடுவில் வரும் 'ஆர்', உள்ளே றெசிஸ்ரர் இருக்கிறது என்பதற்கான அடையாளம். பொயின்ற் இக்னிஷனுக்கு அது தேவையில்லை, இருந்தாலும் கெடுதல் இல்லை. றேடியோ இரைச்சலைக் குறைக்கும்.

நம்பரைவிட முதலில் பார்க்க வேண்டியது 'ஈ' என்ற எழுத்தை. திரெட் நீளம் 19 மி.மீ. என்று அர்த்தம். 'எச்' என்றால் 12.7 மி.மீ. இரண்டுக்கும் திரெட்டின் விட்டம் ஒன்றுதான், 14 மி.மீ.; ஆகவே இரண்டும் துளைக்குள் ஏறும். நம் ஊரில் இதைச் சொல்லியே ஆகவேண்டும். மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்களுக்குப் போடும் பி.7எச்.எஸ் போன்ற கட்டைப் பிளக்குகள் கடைகளில் தாராளமாகக் கிடக்கும். அவசரத்துக்கு அதைப் போட்டால் கார் ஓடவும் செய்யும். ஆனால் தீப்பொறி துளைக்குள்ளேயே ஒளிந்திருக்கும், வெறுமையாக நிற்கும் திரெட்டில் கரி பிடித்து இறுகும், பிறகு சரியான பிளக்கை இறக்கும்போது சிலிண்டர் ஹெட்டின் திரெட்டே கிழியலாம். உங்களுடையதைவிடப் பழைய 918 சிசி சைட் வால்வ் மைனர்களுக்குத்தான் கட்டைப் பிளக். அதற்கு நீளமானதைப் போடுவது இன்னும் ஆபத்து.

இனி பாஸ் சொன்ன நம்பர், அதாவது பிளக்கின் பெயரில் வரும் சூட்டு இலக்கம். சாம்பியன் பிளக்கை மனதில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் சொன்னது சரி. அதில் நம்பர் கூடக் கூடச் சூடான பிளக். பொஷ்ஷிலும் அப்படித்தான். என்.ஜி.கே, டென்சோ இரண்டும் நேர்மாறு. அவர் பேச்சைக் கேட்டு என்.ஜி.கேயில் 7 போட்டீர்களானால் இன்னும் குளிர்ந்த பிளக் வரும், இன்னும் கறுக்கும். சூடான பிளக் என்பது பெரிய தீப்பொறி தருவதல்ல. அதன் வெள்ளைப் பீங்கான் நுனி வெப்பத்தை மெதுவாகவே ஹெட்டுக்குக் கடத்தும், அவ்வளவுதான். அந்த நுனி ஏறக்குறைய 450 பாகையைத் தாண்டினால்தான் படிந்த கரி தானாக எரியும்; 800ஐத் தாண்டினால் பிளக் தீப்பொறி விடமுன்பே பெற்றோல் பற்றிக்கொண்டு பிஸ்டனைக் கெடுக்கும்.

"எங்கட வெயிலுக்குக் குளிர்ந்த பிளக்தான் சரி" என்றும் சிலர் சொல்வார்கள். 450, 800 என்ற கணக்கில் வெளியே 28 பாகையா 35 பாகையா என்பது பெரிய விஷயமில்லை. கார் எப்படி ஓடுகிறது என்பதுதான் விஷயம். உப்புவெளிக்கும் ரவுணுக்கும் இடையே மட்டும் ஓடும் காரில் பிளக் சூடேறுவதற்குள் பயணம் முடிந்துவிடும். கார்பரேற்றர் சரியாக இருந்தும் கரி பிடித்தால் அப்போது பி.பி.5ஈ.எஸ் போட்டுப் பார்க்கலாம். ஹபரணை, மாத்தளை வழியாகக் கண்டிக்கு ஏறுகிற காரென்றால் 6ஐ விட்டு அசையாதீர்கள்.

சரி, கார்பரேற்றர். உங்கள் காரில் உள்ள எஸ்.யூ. கார்பரேற்றரில் சொக்கை இழுத்தால் அடியில் உள்ள ஜெற் கீழே இறங்கிக் கூடுதல் பெற்றோல் விடும். சொக்கை உள்ளே தள்ளியபின் அந்த ஜெற் முழுதாக மேலே திரும்ப வேண்டும். பழைய கேபிளும் இறுகிய பாக்கிங்கும் அதைப் பாதியில் பிடித்துவிடும். எஞ்சின் ஆறியபின், சொக் உள்ளே இருக்க, ஜெற்றின் அடியை விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். கொஞ்சமாவது ஏறினால் கள்ளன் அங்கேதான். ஏர் ஃபில்ற்றரையும் கழற்றிப் பாருங்கள். பிளக்கில் படிந்த கறுப்பு காய்ந்த தூளாக இருந்தால்தான் இந்தக் கதை. ஈரமாக, எண்ணெய்ப் பசையாக இருந்தால் ஓயில் ஏறுகிறது. அது பிஸ்டன் றிங் அல்லது வால்வ் கைட் வேலை, எந்தப் பிளக்கும் தீர்க்காது.

சரிசெய்தபின் நிலாவெளிப் பக்கம் ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் சீராக ஓட்டி, ஆளில்லாத இடத்தில் கிளச்சை அமத்தி எஞ்சினை நிறுத்தி ஓரம்கட்டுங்கள். சூடு ஆறியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வீட்டு வாசலில் ஐடிலில் விட்டு நிறுத்திய பிளக்கைப் பார்த்து எதையும் முடிவுசெய்ய முடியாது. நுனி வெளிர் பழுப்பென்றால் நல்லது. வெள்ளை வெளேரென்றால் பெற்றோல் குறைவு, அல்லது மனிபோல்ட் காஸ்கெற்றால் காற்று இழுக்கிறது.

பிளக் இடைவெளி 0.025 அங்குலம், 0.64 மி.மீ. பெட்டியில் வருவது பெரும்பாலும் இதைவிட அகலமாக இருக்கும். பீலர் கேஜ் வைத்து வெளிக்கம்பியை மட்டும் வளையுங்கள். பிளக் தலையில் ஒரு துண்டு பெற்றோல் குழாயைச் செருகி, அதைப் பிடித்துத் திருகி இறக்குவது நல்லது. திரெட் கோணலாகப் பிடித்தால் குழாய் வழுக்கிவிடும், ஹெட் தப்பும். கையால் முட்டியபின் புதுப் பிளக்குக்கு அரைச் சுற்றிலிருந்து முக்காலுக்குச் சற்றுக் குறைவு வரை போதும். பழைய பிளக்கைத் திரும்பப் போட்டால் வொஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், ஒரு சின்ன இழுப்பே காணும்.

இரிடியம் வேண்டாம். நீண்ட நாள் உழைக்கத்தான் அதற்கு அந்த விலை. வருடத்தில் கொஞ்சத் தூரம் ஓடும் காருக்கு, அதுவும் இப்போது கரி கக்கும் எஞ்சினுக்கு, காசு வீண். அந்தக் காசில் நல்ல பிளக் வயரும் டிஸ்ரிபியூட்டர் கப்பும் வாங்கலாம். கடற்கரை வீட்டில் நிற்கும் காருக்கு அதுதான் அவசியம். மாரியில் பீங்கானிலும் கப்பிலும் உப்பும் ஈரமும் படிந்தால் மின்சாரம் அதன்மேல் வழுக்கி ஹெட்டுக்கு ஓடிவிடும். காலை மிஸ்ஸிங்குக்கு அதுவும் காரணமாக இருக்கலாம். இரவில் பொனெற்றைத் திறந்து ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள், வயர்களின் மேல் நீலப் பொறி ஓடினால் தெரியும்.