விரல் கட்டிக்காக வைப்புநிதியை முறிக்கலாமா?

கேள்வி: வயது 42. தையல் வேலைதான் வருமானம். வலது ஆள்காட்டி விரலில் வலியில்லாமல் மெல்ல வளர்ந்த கட்டி, தசைநாண் உறையில் வரும் ராட்சத செல் கட்டியாம். புற்றுநோய் இல்லை, அறுத்து எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். மருத்துவக் காப்பீடு, தீவிர நோய்க் காப்பீடு இரண்டும் உண்டு. வைப்புநிதி முதிர 3 மாதம் இருக்கிறது. முறிக்கலாமா?

பதில்: தீவிர நோய்க் காப்பீட்டை மறந்துவிடுங்கள். பட்டியலிட்ட நோய்களுக்குத்தான் அது பணம் தரும். தீங்கற்ற கட்டி பொதுவாக அதில் இடம்பெறாது. காப்பீட்டுப் பணம் வராததற்காக மகிழ வேண்டிய அபூர்வமான நேரம் இது.

கைகொடுக்கக்கூடியது மருத்துவக் காப்பீடு. பெரும்பாலும் கையை மட்டும் மரத்துப்போகச் செய்து அறுவைசிகிச்சை நடக்கும், அன்றே வீடு திரும்பலாம். மருத்துவமனையில் இரவு தங்கினால்தான் பணம் என்று நிபந்தனை வைக்கும் பாலிசிகளும் உண்டு என்பதால், ஒருநாள் சிகிச்சை சேருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எனக்குக் கவலை தருவது மருத்துவமனை பில் அல்ல, ஊசி பிடிக்க முடியாத வாரங்கள்தான். காயம் ஆறிய பிறகும் விரல் விறைப்பாக இருந்தால் இயன்முறைப் பயிற்சி தேவைப்படும். அந்த வருமான இழப்பை மருத்துவக் காப்பீடு ஈடுசெய்யாது. 2 மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள்.

இன்னொன்று, இந்தக் கட்டி திரும்ப வரக்கூடியது. வெளியான ஆய்வுகளில் அந்த விகிதம் ஏறத்தாழ 4 முதல் 44 சதவீதம் வரை வேறுபடுகிறது. நரம்பையும் தசைநாணையும் ஒட்டி ஒளிந்திருக்கும் சின்னத் துணைக்கட்டி ஒன்று தப்பினாலும் மறுபடி முளைக்கலாம். எனவே சிக்கனத்தை இங்கே காட்டாதீர்கள். உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்து செய்யும், கை அறுவையில் தேர்ந்தவரிடம் போங்கள். எடுத்த திசுவைப் பரிசோதனைக்கு அனுப்பும் கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள். பாலிசியை இடையில் விட்டுவிடாதீர்கள். புதிதாக எடுத்தால் இதை முன்பே இருந்த நோய் என்பார்கள்.

வைப்புநிதியைப் பொறுத்தவரை, மெதுவாக வளரும் கட்டி இது. 3 மாதம் பொறுக்கலாமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். சரி என்றால் முறிக்க வேண்டாம். விரல் மரத்தாலோ மடக்கச் சிரமமானாலோ காத்திருக்காதீர்கள். அப்போதும் முதலில் வைப்புநிதியின் பேரில் கடன் கிடைக்குமா என்று விசாரியுங்கள். முறிப்பதால் இழக்கும் வட்டியைவிடக் கடனுக்கான வட்டி குறைவாக இருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் தயங்காமல் முறித்துவிடுங்கள்.