அலபாமாவில் ஆயிரம் ஏக்கர் காடு விலைக்கு வந்தால்: கேள்வி பதில்

அமெரிக்காவின் தென்மாநிலங்களில் வேட்டைக்கும் மரத்துக்குமாக வைத்திருந்த பெரிய காட்டு நிலங்கள் அடிக்கடி விலைக்கு வருகின்றன. நம்மவர்கள் சிலரும் கூட்டாகச் சேர்ந்து வாங்கப் பார்க்கிறார்கள். காடு அளந்து மரம் மதிப்பிடுவது என் தொழில் என்பதால் நிறையக் கேள்விகள் வந்தன. பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

ஹன்ட்ஸ்வில்லில் இருந்து: அண்ணா, நாலு குடும்பம் சேர்ந்து தெற்கு அலபாமாவில் 1,100 ஏக்கர் பார்த்திருக்கிறோம். பாதிக்கு மேல் லாப்லாலி பைன் என்ற ஊசியிலை மரம், மீதி ஓடையோரக் காடு. மானும் வான்கோழியும் நிறைய உண்டு, தங்க விடுதியும் உண்டு என்கிறார்கள். மொத்தத்துக்கும் ஏக்கர் கணக்கில் ஒரே விலை. அது நியாயமான விலையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அந்த ஏக்கர் விலையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள் தம்பி. நீங்கள் வாங்கப்போவது வெறும் நிலம், அதில் நிற்கும் மரம், பிறகு விடுதி, சாலை, குளம் போன்றவை. மூன்றுக்கும் தனித்தனியாக விலை போட்டால்தான் விவரம் பிடிபடும். பெரும்பாலும் ஏமாறுவது மரத்தில்தான்.

பைன் மரத்தைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் அளப்போம். எட்டு அங்குல விட்டம் வரை இருந்தால் காகிதக்கூழுக்குப் போகும். பன்னிரண்டு அங்குலத்தைத் தாண்டினால் பலகை அறுக்கும் மரம். இரண்டுக்கும் இடைப்பட்டது நடுத்தர ரகம். டன் கணக்கில்தான் விற்பனை. சமீப ஆண்டுகளில் தென்மாநிலங்களில் நிற்கும் நிலையில் கூழ் மரம் டன் 10 டாலருக்குள்தான் போகிறது, அறுப்பு மரம் 25 டாலரை ஒட்டிப் போகிறது. ஆக, 14 வயதுத் தோப்புக்கும் 26 வயதுத் தோப்புக்கும் ஒரே ஏக்கர் விலை கேட்டால் எங்கோ உதைக்கிறது என்று அர்த்தம். தோப்பு எந்த ஆண்டு நட்டது, எத்தனை முறை இடைவெட்டு (நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி எடுப்பது) நடந்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள். முதல் இடைவெட்டு 12 வயதிலிருந்து 16 வயதுக்குள் நடந்திருக்க வேண்டும். நடக்காத தோப்பில் மரங்கள் ஒல்லியாக நெருக்கிக்கொண்டு நிற்கும், வண்டு விழுவதற்கும் வாய்ப்பு அதிகம்.

விற்பவர் தரும் மதிப்பீட்டை வாங்கிப் படியுங்கள், தேதியையும் பாருங்கள். ஆனால் உங்களுக்கென்று ஒரு பாரஸ்டரை, அதாவது காடு அளந்து மரம் மதிப்பிடுபவரை, சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். அலபாமாவில் பாரஸ்டர் மாநிலப் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும். அவர் திசைகாட்டி வைத்து நேர்க்கோட்டில் நடப்பார். குறித்த தூரத்துக்கு ஒருமுறை நின்று, ஒரு கண்ணாடிப் பட்டகம் வழியாகச் சுற்றிலும் பார்த்து, எந்த மரங்கள் கணக்கில் வரும் என்று எண்ணுவார். அப்புறம் டேப் வைத்து விட்டத்தையும் உயரத்தையும் குறிப்பார். சில மரங்களில் மெல்லிய துளைக்கருவியைத் திருகி, பென்சில் அளவுக்கு ஒரு மரத்துண்டை உருவி வளையம் எண்ணுவார். கடைசி ஐந்தாறு வளையங்கள் நூல்போல நெருங்கிக் கிடந்தால் மரம் வளர்ச்சி நின்று தவிக்கிறது என்று பொருள். அந்த ஒரு துண்டு சொல்வதை எந்த ட்ரோன் படமும் சொல்லாது. ஒருநாள் அவர்கூட நீங்களும் நடந்து பாருங்கள்.

அட்லாண்டாவில் இருந்து: ஜார்ஜியாவில் இதைவிட மலிவாக ஒரு காடு வருகிறது சார். எடுக்கலாமா?

பக்கத்தில் எந்த ஆலை ஓடுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். சவானா, ரைஸ்பரோ காகித ஆலைகள் இரண்டும் 2025-ல் மூடப்பட்டன. அந்த வட்டாரத்தில் கூழ் மரம் வாங்க ஆள் குறைந்துவிட்டது. லாரி வாடகை ஏறினால் ஏறியதெல்லாம் மரத்தின் விலையில்தான் கழியும். இடைவெட்டு மரத்தை எடுக்க ஆளில்லை என்றால் நல்ல தோப்பும் கெட்டுப்போகும்.

ஆபர்னில் இருந்து: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். நிலம் வாங்கத் தடை உண்டா? துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா?

இந்தியர் வாங்கத் தடையில்லை. 2023-ல் அலபாமா கொண்டுவந்த சட்டம் சீனா, ஈரான், வட கொரியா, ரஷ்யா ஆகிய நாடுகளைப் பற்றியது. ஆனால் 1978-ம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று இருக்கிறது. குடிமகனும் இல்லாமல் பச்சை அட்டையும் இல்லாமல் விவசாய நிலமோ காடோ வாங்கினால் 90 நாளுக்குள் வேளாண் துறைக்கு அறிக்கை தர வேண்டும். தவறினால் நிலத்தின் சந்தை மதிப்பில் 25 சதவீதம் வரை அபராதம் போட முடியும். இதைச் சொல்லித்தர தரகர்களுக்கே பல சமயம் தோன்றுவதில்லை, நீங்களே கேட்டு முடித்துவிடுங்கள்.

துப்பாக்கி விஷயத்தில், உங்கள் விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் தடை. செல்லுபடியாகும் அமெரிக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கு ஒரு விலக்கு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். விசாவையே பாதிக்கக்கூடிய விஷயம், அதனால் துப்பாக்கியைத் தொடும் முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.

பர்மிங்ஹாமில் இருந்து: வில்லங்கத்தில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

இங்கே 640 ஏக்கர் சேர்ந்தது ஒரு சதுர மைல் கட்டம். அதை நாற்பது நாற்பது ஏக்கராக வெட்டி எழுதியிருப்பார்கள். காகிதத்தில் சதுரமாக இருக்கும், தரையில் வேலி வேறு எங்காவது ஓடும். அதனால் சர்வே செய்யாமல் வாங்காதீர்கள். அடிநிலத்துக் கனிம உரிமையை முன்பே பிரித்து விற்றிருக்கிறார்களா, மரத்தை மட்டும் யாருக்காவது எழுதிக் கொடுத்திருக்கிறார்களா, வேட்டைக் குத்தகை ஓடுகிறதா, பொதுச் சாலையிலிருந்து எழுத்தில் பாதை உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். "அந்த வழியாகத்தான் எப்போதும் போவோம்" என்ற வாய்ச்சொல் அடுத்த நிலம் கைமாறும்போது காற்றோடு போய்விடும்.

டாலஸில் இருந்து: வரி பற்றி ஒரு வரி சொல்லுங்கள்.

கிரயத்தொகையில் மரத்துக்கு எவ்வளவு என்று வாங்கும்போதே பிரித்துப் பதிவு செய்யுங்கள். பின்னால் மரம் விற்கும்போது அந்தத் தொகையைக் கழித்து மீதிக்குத்தான் வரி. பாரஸ்டரின் மதிப்பீடு இங்கேயும் ஆதாரமாக நிற்கும்.

மாண்ட்கமரியில் இருந்து ஒரு சகோதரி: பார்க்கப் போன இடத்தில் காட்டுக்குள் எரிந்த கரி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நெருப்பு வைப்போம் என்று பெருமையாகச் சொன்னார்கள். உயிர்கள் வாழும் இடத்தை எரிப்பது பாவமில்லையா அண்ணா?

அந்தக் கரியைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷம்தான் வரும் அம்மா. இந்த மண்ணின் பழைய மரம் லாங்லீஃப் பைன். ஒரு காலத்தில் 9 கோடி ஏக்கரில் நின்றது, வெட்டியும் நெருப்பை அடக்கியும் சுமார் 30 லட்சம் ஏக்கருக்குச் சுருங்கியது. அதன் கன்றைப் பார்த்திருக்கிறீர்களா? முதல் சில வருடம் தண்டே தெரியாது, ஒரு கொத்துப் புல் மாதிரி தரையோடு உட்கார்ந்திருக்கும். மேலே நெருப்பு ஓடினால் நீண்ட ஊசி இலைகள் கருகும், நடுவில் இருக்கும் மொட்டு பிழைத்துவிடும். கீழே வேரை நன்றாக இறக்கிக்கொண்டு, பிறகு ஒரே வீச்சில் மேலே எழும்பும். சுற்றியிருக்கும் புதரும் மற்ற மரக்கன்றுகளும் எரிந்து போகாவிட்டால் அந்தக் கன்றுக்கு வெயிலே கிடைக்காது.

காடை தரையில் நடந்து திரியப் புல்லும் வெட்டவெளியும் வேண்டும். வான்கோழிக் குஞ்சுக்குப் பூச்சி வேண்டும். மானுக்கு வாய்க்கு எட்டுகிற உயரத்தில் தளிர் வேண்டும். எல்லாமே குளிர்காலக் கடைசியில் வைக்கும் மெல்லிய நெருப்புக்குப் பிறகுதான் துளிர்க்கின்றன. பழைய பைன் மரத்தில் பொந்து குடையும் சிவப்புக் கன்ன மரங்கொத்தியும் இப்படிப்பட்ட காட்டில்தான் வாழும். அது அழியும் நிலைப் பட்டியலிலிருந்து 2024-ல் ஒரு படி மேலே வந்தது, நெருப்பு வைத்துப் பராமரித்தவர்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. காற்று, ஈரம் பார்த்து, அனுமதி எண் வாங்கி, பயிற்சி பெற்றவர்கள் செய்யும் வேலை இது. பத்து வருடம் நெருப்பே படாத காட்டில் சருகு குவிந்து கிடக்கும். அங்கே தானாகப் பற்றும் தீதான் உயிர்களைக் கொல்லும்.

மொபீலில் இருந்து: வாங்கிய பிறகு தலைவலி தரக்கூடியவை எவை?

காட்டுப்பன்றி. கோகன்புல் என்ற, வேகமாகப் பரவும் வெளிநாட்டுக் களைப்புல்: 1912 வாக்கில் ஆரஞ்சுப் பெட்டிகளுக்குள் வைத்த புல்லாக உங்கள் ஊர்ப் பக்கம்தான் வந்து இறங்கியது, ஒரு திட்டு தெரிந்தாலும் விலையில் குறைத்துக் கேளுங்கள். அப்புறம் புயல். 2018 அக்டோபரில் மைக்கேல் புயல் புளோரிடாவிலும் ஜார்ஜியாவிலும் தோப்புகளை ஒரே நாளில் சாய்த்தது. நிற்கும் மரத்துக்குக் காப்பீடு எடுப்பவர்கள் குறைவு. வரியில் நஷ்டம் காட்டினாலும் நீங்கள் பதிவு செய்த மரத்தின் அடக்கவிலைக்கு மேல் கழிக்க முடியாது.

ஹன்ட்ஸ்வில் தம்பி மறுபடியும்: எப்போது போய்ப் பார்ப்பது?

பிப்ரவரி நடுவில் போங்கள். மான் வேட்டைக் காலம் முடிந்திருக்கும், இலை உதிர்ந்து எல்லைக்கோட்டு மரத்தின் பெயிண்ட் தெரியும். நல்ல மழை பெய்த மறுநாள் என்றால் இன்னும் நல்லது. தண்ணீர் எங்கே நிற்கிறது, மண்சாலையில் லாரி ஏறுமா என்பது அன்றைக்கே தெரிந்துவிடும்.