சீசன் கூட்டமும் சறுக்கு வரிசையும்

அண்ணாச்சி, குற்றாலம் சாலையில் இருக்கும் உங்கள் நீர்ச்சறுக்குப் பூங்காவில், வந்தவர்களிடம் எரிந்து விழும் பையன்களை மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற வேண்டாம். அருவியில் குளிக்கத் தடை என்றால் அத்தனை கூட்டமும் உங்கள் வாசலில்தான். பகல் முழுக்க ஒரே கேள்விக்குப் பதில் சொன்னால் எவனுக்கும் தொண்டை வறண்டு போகும்.

1955-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில், “3 மணி ஊர்வலம் எத்தனை மணிக்கு?” என்று கேட்பார்களாம். கேட்பவர் முட்டாள் அல்லர். தான் நிற்கும் இடத்துக்கு அது எப்போது வரும், பிள்ளையின் கண்ணுக்குத் தெரியுமா என்பதே அவர் கேள்வி. அதற்குத்தான் பதில் சொல்லப் பழக்குகிறார்கள். உங்கள் பையனும் “போர்டைப் பாருங்கள்” என்பதை விட்டு, “இன்னும் 20 நிமிடம் ஆகும் அக்கா, பிள்ளையை அந்த நிழலில் உட்கார வையுங்கள்” என்று சொல்லட்டும். 15 நிமிடத்தில் விட்டுவிட்டால் சிரித்துக்கொண்டே ஏறுவார்கள்.

டிஸ்னிலேண்டில் வேலைக்கு ஒரு முன்னுரிமை வரிசை வைத்திருந்தார்கள்: பாதுகாப்பு, மரியாதை, காட்சி (பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் நன்றாக இருப்பது), அதன் பிறகே வேகம். உங்கள் பூங்காவில் வேகம் முதலில் நிற்கிறது என்று நினைக்கிறேன். உயரம் போதாத குழந்தையைத் தடுத்த பையனை, அப்பாக்காரர் சத்தம் போட்டதும் நீங்களே கடிந்துகொண்டதாக எழுதியிருக்கிறீர்களே, அது தவறு. நாளைக் காலையில் அவனைக் கூப்பிட்டு, எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிவிடுங்கள்.