காசு தர்றேன், படத்த குடுங்க

அண்ணே வணக்கம். தாண்டிக்குடிலேர்ந்து எழுதுறேன், காபித் தோட்டத்துல வேல. படம் பாக்குற ஓடிடி ஆப் மூணுக்கு காசு கட்டுறேன். கட்டியும் நடுவுல விளம்பரம் வருது. பாதி பாத்து வச்ச படம் ஒரு வாரம் கழிச்சுப் போனா காணோம். மழை பேஞ்சா டவர் போயிரும், அப்பப் பாக்கலாம்னு டவுன்லோட் பண்ணி வச்சா அதுவும் காலாவதின்னு காட்டுது. ஃப்ரெண்டு ஒருத்தன் டெலிகிராம் குரூப்ல அனுப்புற ஃபைல் மட்டும் எப்பவும் ஓடுது. கோடிக்கணக்குல சம்பளம் வாங்குற ஹீரோவுக்கு என் இருநூறு ரூபா ஒரு பெரிய விஷயமா? நான் பண்றது தப்பாண்ணே? அப்படியே எந்த ஆப்ப வச்சுக்கலாம்னும் சொல்லுங்க.

ம., தாண்டிக்குடி

அன்புள்ள ம,

எந்த ஆப்ங்கிறத உங்க வீட்ல யாரு என்ன பாக்குறாங்களோ அத வச்சு நீங்களே முடிவு பண்ணிக்கங்க. விளம்பரம் இப்ப எங்க போனாலும் வருது, பிரைம் வீடியோலயே 2025 ஜூன்லேர்ந்து போடுறாங்க, வேணாம்னா அதுக்குத் தனியா காசு. அத விடுங்க.

ஆனா அந்த ஹீரோ சம்பளக் கணக்க மட்டும் இனிமே யாருகிட்டயும் சொல்லாதீங்க தம்பி, கோவம் வருது. ஹீரோ சம்பளத்த வாங்கிட்டு அடுத்த படத்துக்குப் போயிருவாரு, அவருக்கு ஒண்ணும் ஆகாது. பெரிய பேரு யாரும் இல்லாம கடன ஒடன வாங்கி படம் எடுத்து, தியேட்டர்ல காலைக் காட்சி மட்டும் கிடைச்சு, ஓடிடிக்காரங்களும் யோசிச்சு சொல்றோம்னு இழுத்தடிக்கிற டைரக்டர் இருக்காரு பாருங்க, அவரு படமும் அதே குரூப்லதான கெடக்கு? அத பாக்குறப்போ எந்த ஹீரோ சம்பளத்த நெனச்சு மனச தேத்திக்குவீங்க? அந்த ஃபைலெல்லாம் மொதல்ல வர்ற சைட்டுங்க நெறைய சூதாட்ட ஆப் விளம்பரத்துல சம்பாதிக்குது. தியேட்டர்ல ரெக்கார்ட் பண்றவனுக்கு 3 மாசத்துலேர்ந்து 3 வருஷம் வரைக்கும் ஜெயில், கொறஞ்சது 3 லட்சம் அபராதம்னு 2023ல சட்டத்த திருத்தியிருக்காங்க, அது இருக்கட்டும், போலீசுக்கு பயந்துக்கங்கன்னு சொல்ல நான் இத எழுதல.

டவுன்லோட் பண்ணது காலாவதி ஆகுதுன்னு எழுதியிருந்தீங்க பாருங்க, நான் நின்னது அந்த வரிலதான். ரொம்ப நாளா மண்டைக்குள்ள ஓடுறது அதுதான். அந்த ஃபைல் பூட்டிதான் நம்ம ஃபோனுக்கு வருது, சாவி கம்பெனிகிட்ட. சில சர்வீஸ்ல ப்ளே அமுக்கினதுலேர்ந்து 48 மணி நேரம், அதோட சரி, மறுபடி தொறக்கணும்னா நெட் வேணும். நெட் நிக்காத ஊர்க்காரன்தான டவுன்லோடே பண்றான், அவன்கிட்ட போய் நெட்டு கேட்டா எப்படி? படம் காணாமப் போறதுக்குக் காரணம் வேற, கம்பெனிக்காரங்க அந்தப் படத்த இத்தன வருஷம்னு பேசி உரிமை எடுத்துருக்காங்க, கெடு முடிஞ்சா தூக்கிருவாங்க. ஆண்ட்ராய்டு ஃபோன்ல காப்பி எடுக்க விடாம வைட்வைன்னு ஒரு பாதுகாப்பு இருக்கு, அது ஒசந்த லெவலான எல்1 இல்லாம கீழ் லெவல் எல்3யா இருந்தா எச்டிக்கு காசு கட்டினாலும் படம் பெரும்பாலும் மங்கலாத்தான் வரும். திருடுறவன் இந்தப் பூட்ட ரிலீசான அன்னைக்கே உடைச்சுர்றான். காசு கட்டினவன் கைலதான் அது தொங்குது.

மோசர் பேர்னு ஒரு டிஸ்க் கம்பெனி ஞாபகம் இருக்கா உங்களுக்கு, சின்னப் பையனா இருந்துருப்பீங்க. 2007 வாக்குல தமிழ்ப் படம் ஒரிஜினல் விசிடி 28 ரூபா, டிவிடி 34 ரூபான்னு கொண்டாந்து கொட்டினாங்க. பஸ் ஸ்டாண்ட்ல விரிச்சு விக்கிற திருட்டு விசிடி விலைக்கு ஒரிஜினல்! எங்கப்பா அப்ப மலைவாழைப்பழ லோடோட வத்தலகுண்டு கமிஷன் கடைக்கு எறங்குவாரு, சிட்டைய வாங்கி மடில சொருகுன கையோட நேரா டிஸ்க் கடைக்குப் போய் ஒண்ணோ ரெண்டோ எடுத்துட்டுத்தான் பண்ணைக்காடு பஸ் ஏறுவாரு. திருட்டு விசிடி அதே ரோட்லதான் கெடக்கும், தாண்டிப் போயிருவாரு. எதுக்குப்பான்னு கேட்டா, "இது நின்னு நின்னு ஓடாதுடா, அட்ட இருக்கு, நம்ம பொருளா வீட்ல இருக்கும்"பாரு. நேர்மை அது இதுன்னு ஒரு நாளும் பேசினதில்ல. நல்ல பொருள், கைக்கு எட்டுற விலை, வாங்கிட்டாரு. ராத்திரி ஆனா காபிப் பழம் எடுக்குற அக்காங்க, ஜீப் ஓட்டுறவரு, எல்லாரும் எங்க வீட்லதான், கரண்டு போனா போன எடத்துலேர்ந்து மறுபடி போட்டு பாத்துட்டுதான் கலைவாங்க.

அப்பா இப்ப இல்ல. மோசர் பேர் கம்பெனியும் கடன்ல மூழ்கி, அத கலைக்கச் சொல்லி 2018ல உத்தரவே ஆயிருச்சு. எங்கப்பா வாங்குன டிஸ்க் இன்னைக்கும் ஓடுது, கம்பெனி போச்சுன்னு யாரும் வீட்டுக்கு வந்து படத்த திருப்பி எடுத்துட்டுப் போகல. நான் காசு கட்டுற ஒரு சர்வீஸ்ல என் லிஸ்ட்டுல இருந்த படம் போனப்போ ஒரு மெசேஜ் கூட வரல.

டிஸ்க் காலம் முடிஞ்சு போச்சு, தெரியும். நான் கேக்குறது ஃபைலு. பாட்டுல இது நடந்துருக்கு தம்பி, ஆப்பிள் 2009ல ஐட்யூன்ஸ்ல விக்கிற பாட்டுலேர்ந்து பூட்ட எடுத்துச்சு, அதுக்கப்புறமும் ஜனங்க காசு குடுத்து வாங்கத்தான் செஞ்சாங்க. படத்துக்கு மட்டும் ஏன் இன்னும் நம்மள திருடன் மாதிரியே பாக்கணும்? மழைல டவர் போன ராத்திரில ஒரு படம் பாக்கணும்னு ஆசப்படுற உங்க மேல எனக்கு கோவமே இல்ல, அப்படி ஒரு ஆளு கைல காசோட நிக்கிறப்போ விக்கத் தெரியாம இருக்காங்களே, அங்கதான் வயிறு எரியுது.

நீங்க அந்த குரூப்லேர்ந்து வெளிய வந்துருங்க, சின்னப் படத்த அதுல பாக்கவே பாக்காதீங்க. படம் எடுக்குறவங்க யாராவது இத படிச்சா, ஓடிடி கெடு முடிஞ்சு சும்மா கெடக்குற உங்க படத்த பூட்டு போடாம ஒரு விலை வச்சு நீங்களே வித்துப் பாருங்க. நூறு ரூபா, நூத்தம்பது ரூபா, எவ்ளோ வச்சாலும் மொத ஆளா நான் வாங்குறேன், தாண்டிக்குடிக்கும் ஒண்ணு சேத்து.