தொலைக்காட்சித் தொடர்களில் குணச்சித்திர நடிகர் என்பவர் யார்?

நாயகனாகவோ நாயகியாகவோ அல்லாமல், கதைக்குத் தேவையான தனித்த குணமுள்ள மனிதராகவே மாறி நிற்பவரைக் குணச்சித்திர நடிகர் என்கிறோம். கல்யாணத்துக்குக் கல்யாணம் மாப்பிள்ளை மாறுவார். பந்தியை நடத்தும் பெரியப்பா மாறுவதில்லை. தொடர்களும் அப்படித்தான்: நாயகர் ஒரே கதைக்குள் ஆண்டுக்கணக்கில் கட்டுண்டிருக்க, இவர்கள் பல கதைகளுக்கு நடுவே நடமாடுகிறார்கள். முகம் பழகியிருந்தாலும் பெயர் நம் நினைவில் தங்காததற்கும் அதுவே காரணம்.

அமெரிக்க நடிகை மார்கோ மார்ட்டின்டேல் இதற்கு நல்ல உதாரணம். 1951-இல் டெக்சாஸில் பிறந்து, நாடக மேடையில் தேறி, சிறு வேடங்களிலேயே நெடுங்காலம் நடித்த அவருக்கு, 'ஜஸ்டிஃபைட்' தொடரில் கென்டக்கி மலைப்பகுதிக் குற்றக் குடும்பத்தின் தாயாக நடித்ததற்காக 2011-இல், அறுபதாவது வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையின் உயரிய விருதான எம்மி முதன்முறையாகக் கிடைத்தது. அன்பாக உபசரித்தபடியே ஒருவருக்கு நஞ்சு கலந்த சாராயத்தைக் கொடுத்துவிட்டு, அவர் சாகும்வரை கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொல்லும் காட்சி ஒன்றே அவர் திறமைக்குப் போதும் என்பேன். 'தி அமெரிக்கன்ஸ்' தொடருக்காக 2015, 2016 ஆகிய ஆண்டுகளிலும் எம்மி பெற்றார்.

நாயக வாய்ப்புக் கிடைக்காதவர்களே இந்த வேடங்களுக்கு வருகிறார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இது தனித் திறன் கோரும் வேறொரு தொழில், நாயகர்களின் வாய்ப்புகள் குறையத் தொடங்கும் வயதிலும் இதில் வேலை வந்துகொண்டிருக்கும்.