6174ஐ அங்கே வைத்தது யார்?

அன்புள்ள சார்,

ஒன்பதாவது படிக்கும் என் மகள், "கணக்கை யாருப்பா கண்டுபிடிச்சது?" என்றாள். இலக்கணம் மாதிரி மனிதர்கள் உருவாக்கியதுதான் என்றேன். "அப்ப மனுஷங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டும் ரெண்டும் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டாள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?
கதிர்

அன்புள்ள கதிர்,

முதல் சிக்கல் 'கண்டுபிடித்தல்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. தொலைபேசியைக் கண்டுபிடித்தார்கள் என்கிறோம், யுரேனஸைக் கண்டுபிடித்தார்கள் என்றும் சொல்கிறோம். ஒன்று செய்தது, மற்றது ஏற்கெனவே இருந்தது.

பஸ் டிக்கெட் எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை எடுங்கள். நேற்று எனக்குக் கிடைத்தது 3524. இலக்கங்களைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கினால் 5432, திருப்பினால் 2345. கழித்தால் 3087. மறுபடி அதே வேலை: 8730இல் 0378 போக 8352. இன்னொரு முறை: 8532இல் 2358 போக 6174. இனி எத்தனை முறை செய்தாலும் 6174தான். நாலும் ஒரே இலக்கமாக இல்லாவிட்டால் போதும், எந்த எண்ணும் அதிகம் போனால் ஏழு தடவைக்குள் இங்கே வந்து விழும்.

இதைக் கவனித்தவர் நாசிக் பக்கம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர். 1949இல் சென்னையில் நடந்த கணித மாநாட்டில்தான் அறிவித்தார். அடுக்கு, திருப்பு, கழி என்ற விளையாட்டு அவர் செய்தது. ஆனால் 6174ஐ அவர் வைக்கவில்லை. 6175 ஆக இருக்கட்டுமே என்று ஆசைப்பட்டிருந்தாலும் நடந்திருக்காது.

சரி, பத்து பத்தாக எண்ணுவது நம் விரல்களால் வந்த பழக்கம்தானே என்பீர்கள். நியாயம். எட்டு எட்டாக எண்ணினால் அதே 6174, 14036 என்று ஐந்து இலக்கமாகிவிடும், வித்தையும் போய்விடும்.

ஆனால் பதின்மூன்று புளியங்கொட்டைகளை மகளிடம் கொடுத்து, சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். ஒரே நீள வரிசை வரும், இல்லாவிட்டால் ஒன்றாவது மிஞ்சும். பத்தில் எண்ணினாலும் எட்டில் எண்ணினாலும், எண்ணவே தெரியாவிட்டாலும் இதுதான். இலக்கணம் இப்படி முரண்டு பிடிக்காது. எல்லோரும் சேர்ந்து நூறு வருஷம் தப்பாகப் பேசினால் வழிக்கு வந்துவிடும். அதனால் உங்கள் இலக்கண உவமையை நான் ஏற்கவில்லை. குறிகளும் விதிகளும் நாம் செய்தவை, அவற்றிலிருந்து என்ன வரும் என்பது நம் கையில் இல்லை. இந்த விஷயத்தில் நான் உங்கள் மகள் கட்சி.

அப்புறம், மூன்று இலக்க எண்ணிலும் இதே வேலையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். அது எங்கே போய் நிற்கும் என்று நான் சொல்லப்போவதில்லை.